எண்ணியவர் பட்ட கடன்

மக்கள் பெருகிவிட்டனர் என்னும் அச்சக்குரலை நம் பெற்றோர் கேட்டனர். முதியோர் பெருகிவிட்டனர் என்னும் அச்சக்குரலை இன்று நாம் கேட்கின்றோம். 2022 நவம்பர் 15ஆம் நாள் உலக மக்கட்டொகை 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் அவை கணித்தது. இந்நூற்றாண்டு முடியுமுன்னரே அத்தொகை குறையத் தொடங்கும் என்பதும் அவ்வவையின் மதிப்பீடே. கேரளத்தில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேல் அறுபது அகவை கடந்தவராயிருந்தனர். நாடு முழுமைக்கும் அது நூற்றுக்கு ஒன்பதை எட்டவில்லை. எண்கள் இவ்வளவு போதும். அம்முதியவர்க்குச் சோறும் நீரும் தரக் கடமைப்பட்டவர் யார் என்பதே நம் வினா.

மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில், எர்ணாகுளத்தில், 1971 ஜூலையில் ஒரு பெருமுகாம் நடந்தது. மாவட்ட ஆட்சித் தலைவர் கிருஷ்ணகுமார் முன்னின்று நடத்திய அம்முகாமில் ஒரே திங்களில் 63,000 பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டனர். ஏறத்தாழ அனைவரும் ஆண்கள். முந்திய ஆண்டின் முகாமில் 15,000 பேர். வந்தோர்க்குப் பணமும் பரிசுப் பொருள்களும் தரப்பட்டன; வந்தவருள் ஏழைகளே மிகுதி. பின்னர் நெருக்கடிக் காலத்தில் வடநாட்டில் நிகழ்ந்த பலவந்தம் இங்கு நிகழவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேரளத்தில் குடும்பம் சிறுத்ததற்கு இம்முகாம்களைவிடப் பெண்கல்வியும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையுமே பெருங்காரணம் என்பதும் உண்மை. ஆயினும், நாட்டின் நன்மைக்கென்று சொல்லி அரசு கேட்டது, ஏழை இணங்கினான். அன்று முப்பது அகவையினன், உயிரோடிருப்பின், இன்று எண்பதைக் கடந்தவன்.

அவனை இன்று சுமை என்கின்றனர். தறிக்கு இத்தனை ஆள் என்று எண்ணும் ஆலை, ஆள் ஓய்ந்ததும் ஏட்டிலிருந்து பேரை அடித்துவிடும். ஆலையில் உழைத்த எனக்கு அது புதிதன்று. அரசும் அவ்வாறே செய்யலாமோ? வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்க்கு மைய அரசு தரும் பங்கு, 2011இல் வகுத்த அளவின்படி, மாதம் 200 ரூபாய். எண்பது நிரம்பியவர்க்கு 500 ரூபாய்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. கூடுதலாகப் பிள்ளை பெறுங்கள் என்று 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு வேண்டினார். முதியோரைத் தாங்க இளையோர் வேண்டுமாம். பிறவாதே என்று சொன்னதும் பிற என்று சொல்வதும் ஒரே கணக்கின் இருபுறங்கள்; பிறக்கும் குழந்தையை அக்குழந்தைக்காக நினைப்பவர் எப்பக்கத்திலும் இல்லை. கிழவனுக்குக் கஞ்சி ஊற்றுவதற்கென்று ஓர் உயிரை வருவிப்பது அறமாகாது.

பிள்ளையில்லார் கூட்டம் ஒன்று எவ்வாறு வாழ்வது என்பதைப் பகவன் புத்தர் தம் சங்கத்திலேயே காண நேர்ந்தது. வயிற்று நோயுற்ற பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடந்தார். பகவன் அவரை ஆனந்தரோடு தம் கையாலே கழுவிக் கட்டிலில் கிடத்தினார். ஏன் எவரும் பேணவில்லை என்று வினவியபோது, அவரால் மற்றவர்க்குப் பயனில்லை என்பதே விடையாக வந்தது. இங்கே உங்களுக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை. நீங்களே ஒருவரையொருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவர் என்று பகவன் கேட்டார். பயனில்லை என்ற அவ்விடை இன்னும் எத்தனை அலுவலகங்களில், எத்தனை இல்லங்களில் ஒலிக்கின்றது!

இரத்த உறவின்றிப் பேணுதல் இயலுமோ என்று ஐயுறுவோர் மட்டாஞ்சேரி யூதத் தெருவைப் பார்க்கலாம். 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம் அங்கு நிற்கின்றது. 1948இல் இசுரேல் நாடு தோன்றியபின் இளையோர் சென்றனர். முதியோர் சிலரே எஞ்சினர். கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆடவர்கூடத் தேறவில்லை. அத்தெருவில் 2019இல் தம் 96ஆம் அகவையில் மறைந்த பிள்ளையில்லா மூதாட்டி ஒருவரை, இறுதிவரை உடனிருந்து காத்தவர் அண்டையிலிருந்த முகம்மதியக் குடும்பத்தினர்.

நல்ல அயலார் வாய்ப்பது எல்லார்க்கும் கைகூடுவதன்று. ஆகவே சட்டம் வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளையுள்ளவர் பிள்ளைமீது முறையிடலாம். பிள்ளையில்லாதவர், தம் சொத்தை அடையவிருக்கும் உறவினர்மீது முறையிடலாம். பிள்ளையும் சொத்தும் இல்லாதவர்க்கு? மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 பேர் தங்கும் முதியோர் இல்லத்தை மாநில அரசு ‘அமைக்கலாம்’ என்கின்றது அச்சட்டம். 1971இல் வரிசையில் நின்றவனுக்கு இந்த ‘லாம்’ போதாது. ‘அமைத்தல் வேண்டும்’ என்று அவ்விடத்தைத் திருத்துமாறு நம் சங்கங்கள் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதுக.