அகலிகை கேட்ட கேள்வி

பொன்னியின் செல்வனைக் கல்கி முடித்த இடத்திலிருந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யைத் தொடங்கினார். பிறர் படைத்த மாந்தருக்கு மேலும் ஒரு வாழ்வைக் கொடுக்கும் இந்த எழுத்தை இன்று ரசிகர் புனைவு என்கிறார்கள். அதைக் காதலுக்காகப் படிப்பவர்கள்மேல் விமர்சகர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. சாதியையும் பெண்ணின் நிலையையும் பற்றி அந்தப் புனைவு என்ன சொல்கிறது என்று பார்ப்பது முதிர்ந்த வாசிப்பாம். யாரும் யாரும் சேர்வார்களா என்று தவிப்பது வெறும் பொழுதுபோக்காம். இந்தப் பாகுபாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர்மேல் அன்பு வைத்துப் பார்க்கும்போதுதான் அவருக்கு நேர்ந்த அநீதியின் முழு அளவும் புலப்படுகிறது.

ராமாயணத்து அகலிகையை வைத்துப் புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாப விமோசன’த்தைப் பாருங்கள். சீதை தீக்குளித்த செய்தியை அவள் வாயாலேயே கேட்கும் அகலிகை, தன்னை மீட்ட ராமனா அப்படிச் செய்யச் சொன்னான் என்று கேட்டு, ஆம் என்ற பதிலில் நொறுங்கிப் போகிறாள். மேடைகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுவது இந்த இடம்தான். ஆனால் கதை அதிகம் தங்குவது வேறிடத்தில். கல்லாகக் கிடந்து எழுந்த பெண்ணும் புற்றுக்குள்ளிருந்து எழுந்த முனிவனும் மறுபடி எப்படிக் கணவன் மனைவியாக வாழ்வது என்பதே அதன் வேதனை. சாபம் நீங்கிவிட்டது, கோதமனும் மன்னித்துவிட்டான். அவளுடைய பயம் மட்டும் போகவில்லை. எதிரில் வரும் ஆண்களிலெல்லாம் தன்னை வஞ்சித்த இந்திரன் தெரிகிறான். முடிவில் கோதமன் தழுவும்போது அவனே இந்திரனாகத் தோன்ற, அவள் மீண்டும் கல்லாகிறாள். அந்தத் தாம்பத்தியம் பிழைக்க வேண்டும் என்று ஏங்கிப் படித்தவருக்கு, தீர்ப்பு வழங்கி மன்னிக்கும் தர்மம் ஓர் உயிரை என்ன செய்துவிடுகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. கருத்தை மட்டும் பிரித்தெடுத்தவரிடம் மிஞ்சுவது ராமன்மேல் ஒரு குற்றச்சாட்டு.

ஐரிஸ் மர்டாக் என்ற தத்துவவாதி 1970இல் வெளிவந்த தமது நூலில் ஒரு மாமியாரைக் காட்டுகிறார். மருமகளிடம் அவள் நடத்தையில் குறையே இல்லை. மனத்துக்குள் மட்டும் அந்தப் பெண்ணை நாகரிகம் போதாதவள் என்று எடை போட்டிருக்கிறாள். பிறகு நின்று, பொறாமையை விலக்கி, மறுபடி பார்க்கிறாள். வேறொரு பெண் தெரிகிறாள். வெளியே எந்தச் செயலும் மாறவில்லை, ஆனாலும் அங்கே ஓர் அறச்செயல் நடந்துவிட்டது என்பது மர்டாக்கின் வாதம். நல்ல காதல் புனைவு வாசகரிடம் கேட்பதும் இந்த மறுபார்வையைத்தான்.

காதல் கண்ணை மறைக்காதா என்று கேட்கலாம். மறைக்கும். ‘ட்வைலைட்’டின் ரசிகர் புனைவாகத் தொடங்கிய ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’யில் ஓர் ஆணின் கட்டுப்பாடு காதலின் ஆழமாகவே காட்டப்படுகிறது என்ற விமர்சனத்தை நான் ஒதுக்க மாட்டேன். அங்கே குறை காதலுக்காகப் படிப்பதில் இல்லை. இருவரில் ஒருவரைப் பார்ப்பதைக் கதை நிறுத்திவிட்டதில் இருக்கிறது.

இதைவிடக் கடுமையான மறுப்பு பெரியாரிடமிருந்து வருவது. பக்தியோடு படிக்கும் வரை ராமாயணத்தின் அநீதி தெரியாது, பற்றை அறுத்துவிட்டுப் படிக்க வேண்டும் என்பது அவர் வழி. பக்தர்கள் கேட்க மறுத்தவற்றை அந்த வாசிப்பு கேட்டது. அதன் தேவையை மறுக்க முடியாது. ஆனால் பற்று எப்போதும் வாயடைத்து நின்றதில்லை. பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் குலசேகர ஆழ்வார் தேவகியாகப் புலம்புகிறார். பெற்றவளுக்குத் தாலாட்டக்கூட வாய்க்கவில்லை. பிள்ளைப் பருவத்தின் இன்பமெல்லாம் யசோதைக்குப் போயிற்று. கிருஷ்ண கதை ஆயர்பாடியின் மகிழ்ச்சியில் திளைக்கும்போது, சிறையிலிருந்த தாய் இழந்ததைக் கணக்குக் கேட்டவர் கண்ணனிடம் உருகிய ஒரு பக்தர். அகலிகையின் கேள்வியும் அந்த வகையைச் சேர்ந்தது. ராமனைத் தெய்வமாக நம்பியவள் அவள். அதனால்தான் அவளால் சீதையின் பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து போக முடியவில்லை.