ஐயமும் நோயும் விசுவாசமும்

பிள்ளை தன் பெற்றோரின் கடவுளைக் குறித்து வினா எழுப்புதலும், பிள்ளையின் உள்ளம் நோயுறுதலும் வெவ்வேறானவை. ஆயினும், பக்தி மிக்க இல்லங்கள் பல இவ்விரண்டையும் ஒன்றெனவே மயங்குகின்றன. வினவும் பிள்ளை நோயாளியாகவும், நோயுற்ற பிள்ளை விசுவாசம் குன்றியவனாகவும் எண்ணப்படுகின்றனர். இம்மயக்கத்தினால் விளையுந் தீங்கினை மன்னார்க் கத்தோலிக்கரின் வாழ்வை முன்னிறுத்தி ஆராய்தல் பொருந்தும்.

மன்னாரிலே விசுவாசம் முதுசொம் போன்றது. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால், அங்கு புதிதாக ஞானஸ்நானம் பெற்றோர் கொல்லப்பட்டனர்; அறுநூறு பேர் வரையில் மாண்டனர் என்பது மரபு. அவ்வாறு வந்த விசுவாசத்தைப் பிள்ளை ஐயுறும்போது, பெற்றோர் அதனை முன்னோர்க்கு இழைக்கும் துரோகமாகக் கருதுதல் இயல்பே. ஆனால், ஒன்றை மறத்தலாகாது. அவ்வேதசாட்சிகள் தாம் பிறந்த சமயத்துக்காக உயிர் துறந்தவரல்லர். தந்தையர் வழிபாட்டை விட்டுப் புதியதொன்றை ஏற்றவர்கள். அவர்களைப் போற்றுவோர், தம் மக்கள் கேட்டுத் தெளிந்து ஏற்க விரும்புவதைக் குற்றமெனல் எவ்வாறு?

வினாக்கள் ஏட்டிலிருந்து மட்டும் எழுவனவல்ல. 1999 நவம்பரில் மடுத் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். சிறுவரும் அவருள் அடங்குவர். 'மாதா ஏன் காக்கவில்லை?' என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், அது நாத்திகமன்று; நோயுமன்று. கடவுளை நேர்நின்று வினவிய யோபுவையே கடவுள் ஏற்கின்றார். துன்பத்துக்கு எளிதிற் காரணங் கற்பித்த நண்பர்களைக் கடிகின்றார். தெரியாததைத் தெரியாதெனக் கூறும் தந்தை, பொய்விடை கூறுவோனிலும் விசுவாசத்துக்கு அணுக்கமானவன்.

இனி, உளநோயை நோக்குவோம். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியன வாரக்கணக்கில் நீடிப்பின், வைத்தியரை நாடுதல் வேண்டும். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தோன்றின் ஒருநாளும் தாமதித்தலாகாது. இவற்றைச் செபக்குறைவின் விளைவெனல், துயருற்ற பிள்ளைமேல் குற்றவுணர்வையும் சுமத்துவதாகும். மடுவின் மண் பாம்பின் நஞ்சை முறிக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. அம்மண்ணைப் பூசியபின் கடியுண்டவனை வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்வோனை அவிசுவாசி என்போம் அல்லோம். உடலுக்கொரு நீதி, உள்ளத்துக்கொரு நீதி என்பது முறையாகுமா? மருத்துவனைப் படைத்தவரும் கடவுளே என்கிறது சீராக் ஆகமம். திருச்சபையும் இவ்வழியே நடந்துள்ளது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் மனமறிந்து தற்கொலை புரிந்தோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. கடும் உளக்குழப்பம் ஒருவரது பொறுப்பைக் குறைக்கும் என 1992இல் வெளியான மறைக்கல்வி நூல் கூறுகின்றது.

வினாவுக்கெல்லாம் இடமளித்தால் விசுவாசம் அழியாதோ எனச் சிலர் அஞ்சுவர். அழியவுங் கூடும், ஆனால், அச்சத்தால் அடக்கப்பட்ட வினா மறைவதில்லை. பேசுதற்கு இடமில்லா வீட்டில் ஐயுறுபவனும் நோயுற்றவனும் ஒருங்கே மௌனமாகின்றனர். நோயை இனங்காண வேண்டிய வாய்ப்பும் அம்மௌனத்திலே தவறிப்போகின்றது. இதுவே அம்மயக்கத்தின் பெருந்தீங்கு.

பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் ஆலயத்திற் போதகரிடையே அமர்ந்து, செவிமடுத்தும் வினவியும் இருந்தார். மூன்று நாளின் பின் அவரைக் கண்ட தாய், தாம் துயருற்றுத் தேடியதை மறைக்கவில்லை. மகன் கூறிய விடை அவருக்கு விளங்கவுமில்லை. எனினும், விளங்காததைத் தள்ளிவிடாது உள்ளத்திற் பொதிந்து வைத்தார். மடுவில் அத்தாயை வணங்கும் பெற்றோர் அவரிடம் கற்கவேண்டிய பாடம் இதுவேயாகும்.