கல் சரிந்தால் யார் வினை?

மீன்தொட்டியில் அடுக்கிய கல் இரவில் சரிகிறது. அடியில் பதுங்கியிருந்த மீன் நசுங்கிச் சாகிறது. கொல்ல வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை. கல்லை அடுக்கியவர் அந்நேரம் உறக்கத்தில் இருந்தார். இது கொலையா, தற்செயலா, மீனின் வினைப்பயனா? இந்தியச் சமயங்கள் நெடுங்காலம் முரண்பட்டு நின்ற ஒரு கேள்வி இந்தச் சிறிய சாவுக்குள் இருக்கிறது.

ஒஸ்லோ நகரின் வடகிழக்கில் உள்ள அம்மருட்டில் இக்கேள்வி இயல்பாகவே எழும். இப்பகுதி முன்பு கல்லுடைப்போரின் ஊர். அருகில் வெட்டியெடுத்த கருங்கல்லால் 1902இல் எழுந்த குரூருட் தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஈழத்தமிழர்கள் வழிபடும் சிவசுப்பிரமணியர் ஆலயமும் அம்மருட்டில்தான் உள்ளது. 1960களில் கட்டிய 13 மாடித் தொகுதிகளில் குடும்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குடியிருக்கின்றன. ஒரு வீட்டில் தொட்டி உடைந்தால் கீழ்வீட்டுக் கூரை நனையும்.

கல் சரிவதற்குப் பெரும்பாலும் மணலே காரணம். மணலைப் பரப்பி அதன்மேல் கல்லை வைத்தால், தோண்டும் பழக்கமுள்ள சிக்லிட் மீன்கள் அடிமணலை வாயால் அள்ளித் துப்பி, கல்லின் காலை வாரிவிடும். ஆகவே கல் முதலில், மணல் பிறகு. அகன்ற கல்லை அடியில் இருத்தி, அதற்கும் கண்ணாடிக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தகடு இட வேண்டும். மேலே ஏறும் ஒவ்வொரு கல்லும் குறைந்தது மூன்று இடங்களில் பதிந்திருக்க வேண்டும். சுவர்க் கண்ணாடியில் சாயக் கூடாது. கையால் தள்ளிப் பார்த்து, ஐயமுள்ள இடத்தில் மீன்தொட்டிக்கான சிலிக்கோன் பசையால் ஒட்டுவது நல்லது. நீர் மிதப்பு கொடுப்பதால் 10 கிலோ கருங்கல் தண்ணீருக்குள் ஏறத்தாழ 6 கிலோவாகவே அழுத்தும். நீரை இறைக்கும்போது முழு எடையும் அடிக்கண்ணாடியில் இறங்கிவிடும். அதனால் அடுக்கின் உறுதியை நீர் விடுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும்.

இவ்வளவையும் அறிந்தும் செய்யாதவர் குற்றவாளியா? பௌத்தம் எண்ணத்தையே வினை என்கிறது. கொல்லும் எண்ணம் இல்லாதபோது கொலைவினையும் இல்லை. சமணம் இதை ஏற்பதில்லை. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், கவனமின்மையால் உயிரைப் பிரிப்பதே இம்சை என வரையறுக்கிறது. வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் பேசும் சமண ஆசாரியர் குந்தகுந்தர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: உயிர் செத்தாலும் சாகாவிட்டாலும் கவனமற்றவனுக்கு இம்சை உறுதி, விழிப்போடு நடப்பவனை, தவறி நேர்ந்த தீங்கு கட்டாது. இந்த விடையே வலுவானது. கல் ஒருநாளும் சரியாமல் போனாலும், ஆடும் கல்லை அப்படியே விட்டவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. கல் விழும் நேரத்தைவிட வைத்த நேரமே அறத்துக்கு முக்கியம். திருக்குறள் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு, மறதியைக் கடிய பொச்சாவாமை என்றும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. அது அரசனுக்குச் சொன்னது என்பது உண்மைதான். ஆனால் தொட்டிக்குள் இருக்கும் மீனுக்கு அதை அமைத்தவரைவிடப் பெரிய அரசன் யார்?

சமணத்தின் கண்டிப்பு மீன் வளர்ப்பவருக்கு வசதியானதன்று. தத்துவார்த்த சூத்திரமே அகிம்சை விரதத்தின் மீறல்களைச் சொல்லும்போது, உயிரைக் கட்டிவைப்பதையும் அவற்றில் சேர்க்கிறது. கல்லைப் பத்திரமாக அடுக்குவது அந்தக் கணக்கை நேர்செய்துவிடாது.

மீன் தன் வினையால் செத்தது என்னும் சமாதானம் சைவர் வீடுகளிலும் கேட்கும். சைவ சித்தாந்தத்தில் அதற்குப் பாதி இடமே உண்டு. நுகர்கிற உயிருக்கு அது பிராரத்தமாக, அதாவது இப்பிறவியில் பலன் தரும் பழவினையாக, இருக்கலாம். அதற்குக் கருவியானவர் தமக்கு ஆகாமியம் என்னும் புதுவினையை ஈட்டிக்கொள்கிறார். ஒருவரது பழைய கணக்கு இன்னொருவரின் அசட்டைக்குச் சலுகை தருவதில்லை.

நோர்வேயின் சட்டம் வினையைப் பற்றிப் பேசுவதில்லை. 2009இல் நிறைவேறி 2010இல் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டம், மனிதருக்குப் பயன்படுவதைச் சாராத தனி மதிப்பு விலங்குகளுக்கு உண்டு என்கிறது. மீனும் அதில் அடங்கும். வளர்ப்பவர் அமைக்கும் வாழிடம் பாதுகாப்புத் தர வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் பெற்றோர் முழுப் பொறுப்பையும் விட்டுவிடவும் கூடாது. தொட்டியைப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டிருக்கலாம். கல்லுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெரியவர்தான்.

கல்லை அசையாமல் நிறுத்துவதில் கோயில் மரபுக்கு நீண்ட பழக்கம் உண்டு. மூலவரைப் பீடத்தில் இருத்தி, எட்டுப் பொருள்கள் சேர்த்து இடித்த அட்டபந்தன மருந்தால் இடைவெளியை அடைக்கிறார்கள். அந்த மருந்தும் காலப்போக்கில் இறுகி வெடிக்கும் என்பதால் 12 ஆண்டுக்கொருமுறை அதைப் புதுப்பித்துக் குடமுழுக்குச் செய்வது வழக்கம். மீன்தொட்டிக்கு அவ்வளவு நீண்ட தவணை கிடையாது: ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும், மீன்கள் தோண்டிய குழி கல்லின் அடிவரை போயிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.