முதல் கணினி: எதை முதலில் கேட்பது?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குள் நுழைந்தால் கடைக்காரர் முதலில் கேட்பது "பட்ஜெட் எவ்வளவு?" என்றுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அது மூன்றாவதாக வரவேண்டியது. என்ன வேலைக்கு என்பது முதலாவது. பழுதானால் பக்கத்தில் யார் பார்ப்பார் என்பது இரண்டாவது. விலையும் பிராண்டும் அதற்குப் பிறகு.

வேலையிலிருந்து தொடங்குவோம். கனடாவிலுள்ள பேரப்பிள்ளைகளோடு வீடியோ கோல், யூடியூப்பில் தேவாரம், காலையில் பேப்பர்: இவ்வளவுதான் அம்மம்மாவின் தேவை என்றால் கணினியே வேண்டாம். போனில் பழகிய அதே அண்ட்ரொய்ட் பெரிய திரையில் வரும் டெப்லெட் போதும். சாதாரண தரம் படிக்கும் பிள்ளையின் கதை வேறு. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது ஸூம் வகுப்பைப் போனிலேயே சமாளித்தார்கள். பாடத்தைக் கேட்கப் போன் போதும். ஒப்படை தட்டச்சிடவும் கணக்கு அட்டவணை போடவும் விசைப்பலகை வேண்டும்.

அப்படியென்றால் டெஸ்க்டொப்பா, லப்டொப்பா? அதே காசுக்கு டெஸ்க்டொப் கூடுதலாக வேலை செய்யும், பழுதான பாகத்தை மட்டும் மாற்றவும் முடியும். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன ஊர் இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது. ஆகவே டெஸ்க்டொப்பின் விலையோடு ஒரு யூபிஎஸ்ஸின் விலையையும் கூட்டிப் பாருங்கள். வெள்ளவத்தை அடுக்குமாடியில் மேசை போட இடமில்லாதவருக்கு விடை தானாகவே வந்துவிடும்.

அடுத்தது இயங்குதளம். புதிதாகப் பழகுகிறவருக்கு எது இலகு என்று கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்ததுதான் இலகு. கொழும்பில் அது பெரும்பாலும் விண்டோஸ். அப்பிளின் மெக் தொல்லை குறைந்தது. ஆனால் இன்றைய மெக்புக்கில் ரேமைப் பின்னால் கூட்ட வழியில்லை. இலங்கையில் அப்பிளின் சொந்தக் கடையும் கிடையாது.

தமிழில் எழுதுகிறவர் இன்னொன்றும் பார்க்கவேண்டும். தமிழ் 99, அஞ்சல் என்ற விசைப்பலகை முறைகள் இரண்டும் விண்டோஸிலும் மெக்கிலும் உள்ளேயே இருக்கின்றன. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டித் தட்டி விரல் பழகிய பெரியவருக்கு விண்டோஸே வசதி. அதே விசை ஒழுங்கில் யூனிக்கோட்டாக எழுத என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள் அதில் ஓடும்.

இனி விலை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. புதிய லப்டொப் பல வீடுகளுக்கு எட்டாமல் போனது. பாவித்ததைத் தேடுவதில் தவறில்லை. வாங்கும்போது பிராண்டைவிட இன்டெல் புரொசெஸரின் பெயரை வாசியுங்கள். 'ஐ5-6300' என்றிருந்தால் கோடுக்குப் பின்னுள்ள 6 ஆறாம் தலைமுறையைக் குறிக்கும். 'ஐ5-8350' எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் கேட்பது பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆறாம் தலைமுறை மெஷினிலும் குறுக்குவழியால் 11ஐ ஏற்றித் தருவார்கள். அது ஓடும், ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் பொறுப்பேற்பதில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அந்தத் துணிச்சல் வேண்டாம். எப்படியும் 8 ஜிபி ரேமும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டியும் இருக்கட்டும். பழைய மெஷினுக்கு உயிர் கொடுப்பது எஸ்எஸ்டிதான்.

வீட்டில் ஏற்கனவே ஆறாம் தலைமுறை லப்டொப் இருந்தால் பழைய இரும்புக்காரரைத் தேடவேண்டாம். 2006இல் தொடங்கிய லினக்ஸ் மின்ட் இலவசமானது. 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும். மெனு இடது மூலையில், கடிகாரம் வலது மூலையில் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். மைக்ரோசொப்ட் வேர்ட் அப்படியே கிடைக்காது. லிப்ரே ஒபிஸில் எழுதி வேர்ட் கோப்பாகச் சேமிக்கலாம், பந்தி அமைப்பு சில இடங்களில் சற்று நகரும். பிரின்டர் பழையதென்றால் அது வேலை செய்கிறதா என்று முதலே பார்க்கவேண்டும்.

அதைப் பார்க்கக் காசு வேண்டாம். மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, லப்டொப்பை அதிலிருந்தே திறக்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸ் அழியாது. வைஃபை பிடிக்கிறதா, ஸூமில் சத்தம் கேட்கிறதா, பிரின்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா என்று ஒரு பின்னேரம் பாருங்கள். மூன்றும் சரியென்றால் புதிது வாங்கும் காசு மிச்சம். ஒன்று பிழைத்தாலும் நட்டமில்லை. கடைக்குப் போகும்போது உங்களுக்கு என்ன தேவை என்பதை நீங்களே சொல்லலாம்.