தவறு யாருடையது?

மலையகத்தில் ஒரு லயம் தீப்பற்றி எரிந்தால், மறுநாட் காலையில் எல்லோர் வாயிலும் பிறப்பது ஒரே சொல்தான்: 'கவனக்குறைவு'. பிள்ளை விளக்கைத் தட்டிவிட்டது. தாய் மண்ணெண்ணெய்ப் போத்தலை அடுப்பருகே வைத்துவிட்டாள். அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது. ஹற்றன் பகுதி வகுப்பறை ஒன்றில் நாம் இதனைப் பேச்சுப் பொருளாக்கியபோது மாணவர் பலரும் இத்தீர்ப்பையே வழங்கினர். ஒரு மாணவி மாத்திரம் எழுந்து, "விளக்கு ஏன் அவ்வளவு இலகுவாகச் சாய்கிறது, சேர்?" என்று கேட்டாள்.

இதனைச் சிறுபிள்ளையின் கேள்வி என்று நாம் தள்ளிவிடலாகாது. குப்பி விளக்கு என்பது யாது? எவரோ எறிந்த போத்தல், துளையிட்ட மூடி, ஒரு திரி. நெடிது நிற்பதாற் சாய்கிறது. உருண்டை வடிவாதலால் உருள்கிறது. மூடி கழன்று எண்ணெய் கொட்டுகிறது. தீக்காயம் பட்டோருக்குச் சிகிச்சையளித்து வந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1990களின் தொடக்கத்தில் இதனையே சிந்தித்தார். குட்டையான, கனத்த கண்ணாடிக் குப்பி; உருளாதிருக்க இரு தட்டைப் பக்கங்கள்; திருகி இறுக்கும் உலோக மூடி. 'சுதீபா' எனப்பட்ட அவ்விளக்குக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 'கவனமாயிரு' என்று எவருக்கும் அவ்விளக்கு உபதேசிக்கவில்லை. மனிதன் தவறுவான் என்பதை ஒப்புக்கொண்டு, தவறினாலும் அவன் உயிர் தப்ப வழி செய்தது.

அவ்வாறாயின் எச்சரிக்கை எழுத்துக்கள் வேண்டாமா? வேண்டும். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. பெற்றோலின் ஆவியோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் பற்றிக்கொள்ளும். பெயரெழுதாத ஒரே மாதிரிப் போத்தல்களில் இரண்டும் இருந்தால் விளக்கே வெடியாகிவிடும். குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெய் இருந்தால் தாகமெடுத்த குழந்தை அதனைக் குடித்துவிடும். ஆகவே உள்ளிருப்பது இன்னதென்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருத்தல் மக்களின் உரிமை. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியே.

ஆனால், 'நெருப்பினின்றும் விலக்கி வைக்கவும்' என்னும் வாசகத்தைப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒட்டிப் பாருங்கள். அடுப்பும் படுக்கையும் பாடப்புத்தகமும் ஒன்றாய்க் கிடக்குமிடத்தில் எதனை எங்கே விலக்குவது? செய்ய இயலாததைக் கடமையென விதிப்பது அறமாகாது. அத்தகைய எழுத்து படிப்பவரைக் காப்பதில்லை. எழுதியவரையே பழியினின்றும் காக்கிறது.

2022 இன் நெருக்கடியின்போது எரிபொருளைக் கேன்களில் வழங்குவது தடைசெய்யப்பட்டது. வீட்டிற் பெற்றோலைப் பதுக்குவது ஆபத்தென்பது உண்மையே. எனினும் அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவினின்றும் 340 ரூபாவுக்கு உயர்ந்தபோது, அடுப்பெரிக்க வேறு வழியற்றோர் என்ன செய்வர் என்ற கேள்விக்கு எத்தடையும் விடை கூறாது. அமெரிக்காவிலோ 2008 ஆம் ஆண்டுச் சட்டம் எரிபொருட் கொள்கலன்களுக்குக் குழந்தைகள் திறக்கவியலாத மூடியை விதித்தது. 2020 ஆம் ஆண்டுச் சட்டம் தீச்சுடர் உட்புகாமற் காக்கும் அமைப்பையும் கோரிற்று. அங்கே கடமை, செய்பவன் தலையிலும் ஏற்றப்பட்டது.

தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையென்று நாம் வாதிடவில்லை. தேர்ந்துகொள்ள வாய்ப்புள்ள அளவுக்கே பொறுப்பும் உண்டு என்கிறோம். தாய்க்கு இருந்த தேர்வு, போத்தலை இந்த மூலையில் வைப்பதா அந்த மூலையில் வைப்பதா என்பது மாத்திரமே. கலத்தின் வடிவத்தையும், காம்பராவின் அளவையும், ஒரு வீட்டின் தீ மறுவீட்டுக்குத் தாவும் ஒற்றைக் கூரையையும் தீர்மானித்தோர் வேறு. பாதுகாப்பான விளக்கு இன்றிரவுக்கு வேண்டும். தனிவீடும் தடையற்ற மின்சாரமும் நாளைக்கு வேண்டும். முன்னதைக் காட்டிப் பின்னதை மறுக்க விடலாகாது.

அடுத்த முறை ஒரு லயம் எரியும்போது, 'யார் தட்டிவிட்டார்?' என்று கேட்குமுன் அம்மாணவியின் கேள்வியை நாம் கேட்போமாக.