செய்வித்தவரின் வினை

ஒருவர் தம் பெயரையும் தமக்குரிய அதிகாரத்தையும் வேறொன்றின் வசம் ஒப்படைத்துவிட்டு அகன்ற பின்பு, அந்தப் பெயரால் நிகழும் செயலுக்குக் கர்த்தா யார் என்பது தர்மத்தை ஆராய்ந்தோர் நெடுங்காலமாக எண்ணிப் பார்த்த பிரச்சினை. இட்ட பணியை இணையத்தில் தாமே புகுந்து முடித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்டுகள் புழக்கத்துக்கு வந்துவிட்ட இக்காலத்தில், சிவகாசியில் ஒரு சிறு அச்சகத்துக் கணக்கரும் அதற்கு விடை காண வேண்டியவராகிறார்.

இணையத்தின் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. சற்று முன் வந்தவரே மீண்டும் வருகிறார் என்பதை அது அறியாது. அக்குறையை நீக்க 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி வகுத்ததே குக்கீ. கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் கொடுத்து நாம் நுழைந்ததும், தளம் ஒரு குறியீட்டை நம் பிரௌசரில் வைக்கிறது. அதன்பின் அக்குறியீட்டை ஏந்தி வருவது எதுவாயினும் அதையே நாம் என்று ஏற்றுக்கொள்கிறது. பிரௌசரைத் தாமே இயக்கும் பிளேரைட் போன்ற கருவிகள் அக்குக்கீகளைக் கோப்பில் சேமித்து, வேண்டும்போது ஏஜென்டின் பிரௌசரில் ஏற்றவல்லவை. பக்கத்திலுள்ள நிரல்கள் படித்துவிடாதபடி குக்கீயை மறைக்கும் காப்புகூட, பிரௌசரையே ஆளும் கருவிக்குத் தடையாவதில்லை. ஆகவே அந்தக் கோப்பைக் கொடுப்பவர், தளத்தின் பார்வையில் தம் ஸ்தானத்தையே கொடுத்தவராகிறார்.

ஸ்தானம் கைமாறுவதன் விபரீதத்தை விருதுநகர் மாவட்டத்தார் தம் துயரத்தால் அறிவர். 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ்ப் பட்டாசு ஆலைக்குத் தரப்படும் லைசென்ஸ், எங்கே எந்த வேலை, எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று வரையறுத்து, ஒருவருடைய விவேகத்தை நம்பி வழங்கப்படுவது. அவரோ அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டு விலகிவிட, போட்ட பணத்தை விரைவில் எடுக்கும் ஆத்திரத்தில் குத்தகைதாரர்கள் இடுக்கமான அறைகளில் ஆட்களை நெருக்கி அமர்த்தி, அனுமதியில்லாத ரகங்களையும் செய்விக்கும்போது, லைசென்ஸில் இருப்பது ஒருவர் பெயராகவும் மருந்தைக் கலக்கச் செய்வது இன்னொருவர் அவசரமாகவும் பிரிந்துவிடுகின்றன. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்ட வெடிவிபத்தை ஒட்டியும் இந்த உள்குத்தகைப் பழக்கம் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

இங்கே வேதாந்தத்தின் பெயரால் ஓர் ஆட்சேபம் எழலாம். இதே மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-ல் அவதரித்த ரமண மகரிஷி, நான் என்னும் எண்ணத்தின் மூலத்தையே விசாரிக்கும்படி போதித்தார். கீதையும், செய்பவன் நானே என்ற அபிமானத்தை விடச் சொல்கிறது. அங்ஙனமாயின், இயந்திரம் செய்ததை நான் செய்யவில்லை என்பதில் பிழை என்ன என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் அந்த அபிமானத்தைத் துறந்த ஞானியர் பலனையும் கூடவே துறந்தவர்கள். குத்தகைப் பணத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு, விபத்து நேர்ந்தபோது மட்டும் நான் கர்த்தா அல்லேன் என்பது துறவாகாது. ஏஜென்ட் மிச்சப்படுத்திய நேரத்தையும் ஈட்டிய லாபத்தையும் தமதென்று அனுபவிப்பவர், அது விளைத்த நஷ்டத்தை வேறெவர் தலையிலும் ஏற்ற முடியாது.

பதஞ்சலியின் யோக சூத்திரம், ஹிம்சை முதலிய தீமைகளைச் செய்தவை, செய்வித்தவை, உடன்பட்டவை என மூவகைப்படுத்தி, யாவும் துக்கத்தையும் அஞ்ஞானத்தையுமே பலனாகத் தருவன என்கிறது. ஏஜென்டின் வினைக்கு நாம் செய்வித்தவர்கள். ஏதோ ஒரு பக்கத்தில் ஒளிந்துள்ள வஞ்சகச் சொற்களைக் கட்டளை என்று மயங்கி அது தவறிழைக்கையில், எல்லையின்றி அதிகாரம் தந்திருந்தோமாயின், உடன்பட்டவர்களும் ஆகிறோம். குத்தகைதாரராவது மனச்சாட்சியுள்ள மனிதர். பழியின் ஒரு பங்கு அவரையும் சேரும். இன்ப துன்பம் அறியாத கருவியிலோ பாவ புண்ணியம் தங்க இடமில்லை. அதை ஆக்கியவர்களுக்கும் பொறுப்பு உண்டெனினும், அதனால் நம்முடையது குறைந்துவிடாது.

பணியைத் தக்கதிடம் ஒப்படைப்பது குற்றமன்று. வள்ளுவர் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஏஜென்டுக்கென அளவான உரிமையுள்ள தனிக் கணக்கு திறப்பதும், அந்தப் பணிக்குரிய தளத்தின் குக்கீயை மட்டும் தருவதும், பணம் செலுத்தும் கட்டத்தில் மனிதர் சம்மதத்துக்காக அது நிற்கும்படி செய்வதும், கோப்பை அழித்தாலும் தளத்தில் அனுமதி நீடிக்கக்கூடுமாதலால் முடிவில் முறைப்படி லாக்-அவுட் செய்வதும், பிறர் பொருளுக்கும் அந்தரங்கத்துக்கும் ஊறு நேராமல் காக்கும் அஹிம்சையின் அனுஷ்டானங்களே ஆகும். தம் பெயரால் நடப்பதைக் கண்காணிக்க மனமில்லாதவர், அந்தப் பெயரை இன்னொன்றின் வசம் கொடுக்கும் உரிமையையும் இழந்தவரே.