முன்பின் அறியாத நூல்

இல்லறத்தார்க்கு உரிய விரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் என்பது ஒன்று. பயன் யாதுமின்றிப் பாவத்தை வருவித்துக் கொள்ளும் செயல்களிலிருந்து விலகி நிற்றலே அதன் பொருள் என்பதை நம் அன்பர்கள் அறிவார்கள். ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அத்தகைய செயல்களை ஐந்தாக வகுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் துஸ்ருதி என்று பெயரிட்டார். பற்றையும் பகையையும் செருக்கையும் காமத்தையும் தூண்டி மனத்தை மாசுபடுத்தும் நூல்களைக் கேட்டலே துஸ்ருதி.

படிக்கும்போது தெளிவாகத் தோன்றும் இவ்விதி, நடைமுறையில் ஒரு சிக்கலை உடையது. ஒரு நூல் மனத்தை மாசுபடுத்துமா என்பது அதனைக் கேட்ட பின்னரே தெரியும். விலக்க வேண்டியதோ கேட்பதற்கு முன்பு. அங்ஙனமாயின், இதுவரை பெயரும் கேள்விப்படாத ஒருவர் எழுதிய நூலையோ, வரைந்த படக்கதையையோ, தனியொருவராய் முயன்று எடுத்த திரைப்படத்தையோ ஓர் இல்லறத்தான் எப்படி அணுகுவது? அறியாததெல்லாம் ஐயத்துக்குரியது என்று கதவை அடைத்துக்கொள்வது ஒரு வழி. நான் நெடுங்காலம் அவ்வழியில்தான் நின்றேன்.

1970களில் என் மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸ் அப்பொழுது சிறுவர்களிடையே பெரிதும் பரவியிருந்தது. ஒரு நாள் அவனுடைய பாடப் புத்தகத்திற்குள் இரும்புக்கை மாயாவியின் கதைப் புத்தகம் ஒன்று இருக்கக் கண்டேன். திறந்துகூடப் பாராமல் பழைய செய்தித்தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன். அது அவன் நண்பனிடம் இரவலாக வாங்கி வந்தது என்பதும், பல வாரங்கள் தன் சிறு செலவுக் காசைச் சேர்த்து அவன் அந்தக் கடனை அடைத்தான் என்பதும் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தன. துஸ்ருதியைத் தடுப்பதாக எண்ணிய நான், பிறர் பொருளை அவர் இசைவின்றி அப்புறப்படுத்தியிருக்கிறேன். அதற்குக் கள்ளாமை விரதத்தில் என்ன பெயர் என்பதை விரித்துக் கூற வேண்டியதில்லை.

நம் பெருங்காப்பியமே இக்குற்றச்சாட்டுக்கு ஆளானது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சீவக சிந்தாமணிக்கு மணநூல் என்றொரு பெயர் உண்டு. அப்பெயரையும் எட்டு மணங்களையும் மட்டுமே கண்டவர்கள், துறவி எழுதத் தக்க நூலா இது என்று கேட்டார்கள். திருத்தக்க தேவர் தம் தூய்மையை மெய்ப்பிக்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்த நேர்ந்தது என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், சீவகன் துறவு பூண்டு வீடடையும் முத்தி இலம்பகம்வரை பொறுமையாகக் கேட்டவருக்கு அக்கேள்வி எழாது. பாதியில் எழுந்து போனவருக்கே எழும்.

அதே சிந்தாமணியை 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் முன்பின் அறியார். அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் பற்றிக் கேட்டுவிட்டு, இவற்றால் என்ன பயன், பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். பெரும்புலவரிடம் பயின்ற ஒருவருக்கு அது மனத்தைச் சுடும் வினா. ஆயினும் அவர் சினந்து வாளா இருந்துவிடவில்லை. முதலியார் தந்த பிரதியை வாங்கிப் படித்தார். பொருள் விளங்காத இடங்களைக் கேட்க அவ்வூர்ச் சமணர் இல்லங்களுக்குச் சென்றார். ஒரு நாள் அங்கே ஓர் இல்லத்து வாயிலில் மாவிலைத் தோரணம் கண்டு விசேடம் யாதென வினவ, சிந்தாமணி வாசித்து நிறைவு பெற்றதைக் கொண்டாடுகிறோம் என்று அவர்கள் கூறியதாக அவரே தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். 1887இல் நூல் அச்சேறியது. உலகம் அதனைக் கண்டுபிடிப்பு என்றது. நம் முன்னோர்க்கு அது வீட்டில் எப்போதும் இருந்த நூல். புதிதாகக் கண்டேன் என்று நாம் மகிழும் எதுவும் யாரோ ஒருவர் முன்பே பேணி வந்ததுதான். நம்பத்தக்க ஒருவர் முன்னே படித்து வைத்திருப்பதே பின்னே வருபவர்க்குச் சான்றாகிறது. விதியிலுள்ள சிக்கலுக்கு இது ஒரு விடை, முழு விடையன்று. முதலில் படித்தவர் யாரை நம்பிப் படித்தார்?

அண்மையில் கல்லூரியில் படிக்கும் என் பெயரன் ஒரு படக்கதை நூலை என் மேசைமீது வைத்துவிட்டுப் போனான். அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த ‘மௌஸ்’ அது. யூதர்களை எலிகளாகவும் செருமானியரைப் பூனைகளாகவும் வரைந்து, ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் தம் தந்தை பட்ட பாட்டை அவர் கூறுகிறார். அவரும் அவர் மனைவி பிரான்சுவாஸ் மூலியும் 1980இல் நியூயார்க்கில் தாங்களே தொடங்கி நடத்திய ‘ரா’ என்னும் இதழில்தான் அது பகுதி பகுதியாக வெளிவந்தது. நூலாக்க எடுத்துச் சென்றபோது பல பதிப்பகங்கள் மறுத்தன. முதற்பகுதி 1986இலும் இரண்டாம் பகுதி 1991இலும் நூல்வடிவம் பெற்றன. 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. 2022இல் அமெரிக்க மாநிலமாகிய டென்னசியில் ஒரு மாவட்டப் பள்ளிக் குழு அதனைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. சில வசைச் சொற்களும் ஓர் ஆடையற்ற படமும் காரணமாகக் கூறப்பட்டன. அதைக் கேட்டபோது எனக்குப் பழைய தாள்காரரின் தராசுதான் கண்முன் வந்தது.

கொலையைப் பற்றிய நூலைப் படிப்பது கொலைக்கு உடன்படுவதாகுமா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றையும் விலக்கச் சொல்லும் அறத்தில் இது வெறும் வாதக் கேள்வியன்று. என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். அந்நூலின் எந்தப் பக்கத்திலும் கொல்பவன் கையை நான் இரசிக்கவில்லை. ஆனால் பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டு, குடும்பத்தோடு சென்று பார்க்கத் தக்கது என்று ஊரே சொன்ன ஒரு திரைப்படத்தில், தலைகள் உருளும்போது கைதட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன். முன்னதைத் திறக்கவே தயங்கினேன்; பின்னதற்குத் தயக்கமின்றிச் சென்றேன். பழகிய பெயரும் பலர் சென்ற வழியும் மனமாசுக்குக் காவலல்ல என்று இதனாலேயே கருதுகிறேன்.

மலையாளத் திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ என்றொரு படம் எடுத்தார். தாயற்ற கழுதைக் குட்டியொன்றின்மீது இரக்கம் கொண்டு அதனை வளர்க்கும் பேராசிரியர். அதனைப் பொறுக்காமல் அடித்துக் கொன்றுவிட்டுப் பின்னர் அதையே தெய்வமாக்கும் ஊரார். தமிழின் சிறந்த படத்துக்குரிய தேசிய விருது அதற்குக் கிடைத்தது. இருந்தும் திரையரங்கில் அதனைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. உயிரிரக்கத்தைப் பற்றி மேடைதோறும் பேசும் நம்மிலும் அதனைக் கண்டவர் எத்தனை பேர்? பின்னர் அவர் 1984இல் நண்பர்களோடு ஒடேசா என்னும் குழுவை அமைத்து, கேரளத்தின் ஊர்தோறும் படங்களைத் திரையிட்டு, மக்களிடம் சிறுகச் சிறுகப் பொருள் திரட்டி ‘அம்ம அறியான்’ என்னும் படத்தை 1986இல் முடித்தார். அடுத்த ஆண்டே மறைந்தார். அவர்கள் எதிரே விரித்த துணியில் விழுந்த காசு, இன்னும் எடுக்கப்படாத படத்திற்காகப் போடப்பட்டது. போட்டவர்கள் எதை நம்பிப் போட்டார்கள் என்று பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அதிதி சம்விபாகம் என்னும் விரதம் இதற்கு ஒளி தருகிறது. வரும் திதி குறிக்கப்படாதவர் அதிதி. உண்பதற்கு முன் வாயிலில் நின்று அவரை எதிர்நோக்க வேண்டும். நூலையும் கலையையும் துறவியருக்கு ஒப்பிடுவதாக யாரும் கொள்ள வேண்டா; கொடைக்குப் பாத்திரமறிதல் வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் பாத்திரமறிவதற்கும் முதலில் வாயிலுக்கு வர வேண்டுமே! புதியதைத் தேடுவது வேட்கையின் பெருக்கம், அதுவும் ஒரு பரிக்கிரகம் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். வாங்கி அடுக்கிப் படிக்காமல் வைப்பவரைப் பொறுத்தவரை அவர் கூற்று உண்மையே. ஆனால் கவனத்தை எவருக்கும் ஈயாமல் தமக்கென்றே பூட்டி வைத்துக்கொள்வதும் உலோபந்தான்.

இக்காலத்துக் கைப்பேசி நமக்காக வாயிலில் நிற்க முன்வருகிறது. நேற்றுப் பார்த்தது எது, நம்மைப் போன்றோர் பார்த்தது எது என்று கணக்கிட்டு, அவற்றையொத்ததையே இன்றும் கொண்டுவந்து நீட்டுகிறது. அதில் வருபவர் அதிதியல்லர். நம் சாயல் கொண்ட உறவினர். தனியே முயன்று குறும்படமோ படக்கதையோ செய்யும் இளைஞர்கள் அவ்வழியிலும் சில வேளை வந்து சேர்கிறார்கள் என்று பெயரன் கூறுகிறான். இருக்கலாம். இப்போதைக்கு நாங்கள் ஓர் உடன்பாடு செய்துகொண்டுள்ளோம். திங்களுக்கு ஒன்று அவன் தேர்ந்தெடுப்பதை நான் முழுதும் படிக்கவோ பார்க்கவோ வேண்டும். ஒன்று நான் தேர்ந்தெடுப்பதை அவன். பாதியில் எழுந்து போகக் கூடாது. சென்ற திங்கள் நான் கொடுத்தது நீலகேசி. முகத்தைச் சுளித்தான், ஆனால் முடித்தான்.

அந்த இரும்புக்கை மாயாவிக் கதைகள் இப்போது மறுபதிப்பாக வந்திருக்கின்றனவாம். அன்று எடைக்குப் போனது எந்தக் கதை என்று என் மகனிடம் கேட்டேன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தயங்காமல் பெயரைச் சொன்னான். எனக்கு அதன் அட்டைப்படம்கூட நினைவில் இல்லை.